நாலு இஞ்ச் தண்ணி

மூலனூருக்குத் தெக்கால ஒரு முருங்கைக் காடு.
ஆயிரத்து நூத்தி நாப்பது அடி.
புகையுங்க, வெறும் புகை.
கல்லுமாவு பறந்து
எங்க ஆறு பேருக்கும் தலை நரைச்சிருந்தது.
காட்டுக்காரர் தேங்காயை இன்னும் கீழ வைக்கல,
காலையில அவர் உள்ளங்கையில
எந்திரிச்சு நின்ன தேங்காய்.

அப்பத்தான் வாசம்.
"அண்ணா, எதுவோ தீயுது"ன்னான் சுக்ராம்,
சத்தீஸ்கர்ப் பையன், மூக்கு நல்ல மூக்கு.
கம்பிரசர் சைலன்சர் மேல
என்ற எடது முழங்கை சாஞ்சு கெடந்தது.
தோலு அப்பளமாட்டப் பொரிஞ்சு
ஓரம் சுருண்டிருந்தது.
எனக்கு ஒண்ணுமே இல்லீங்க.
அதே கையில ஒரு கட்டெறும்பு ஏறுச்சு.
அது தெரிஞ்சுது.

ரெண்டு வருசமா டீக்கடையில
எல்லாரும் துண்டு சுத்திப் புடிக்கிற டம்ளரை
வெறுங்கையில புடிச்சவன் நானு.
பொங்கியண்ணன் கை இரும்புன்னு பேரு,
எனக்கும் அதுல கொஞ்சம் கெத்து.
இருமுனா மட்டும் பொடனியில
கடப்பாறை போட்டு நெம்பும்.
சட்டைப் பொத்தான் நழுவும்.
கட்டைவெரலுக்குக் கீழ சதை வத்தி
ஒரு சின்னக் குட்டை.

வசந்தாமணி அந்தக் குட்டையைத் தொட்டுப் பாத்தா.
"இரும்பு இப்படி வத்தாதுங்க"ன்னா.

ஈரோடு, பெருந்துறை ரோடு.
குழாய்க்குள்ள படுக்க வெச்சாங்க.
டடடடன்னு அடி.
அதுக்குப் பயந்து அழுவாங்களாமா ஆளுங்க.
எனக்கு அது ரிக்குச் சத்தம், தூங்கிப்போட்டேன்.
ஆடாதீங்கன்னு எழுப்பினாங்க,
குறட்டைக்கு.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல மாட்டினா.
முதுகெலும்புக்குள்ள தண்டு,
தண்டுக்கு நடுவால
மழை பேஞ்ச மறுநா வாய்க்காலாட்டம் ஒரு வெள்ளை.
சிரிங்கோமைலியான்னா.
"மயிலுங்களா?"ன்னா வசந்தாமணி.
இல்லீங்க, தண்ணி.

இருபத்திரெண்டு வருசம்.
அரவக்குறிச்சி, வெள்ளகோயில், அக்கட்ட ராஜஸ்தான் வரைக்கும்
பாறைக்குள்ள தேடுனது
பொடனியில ஊறிக்கெடக்குது.
"எத்தனை இஞ்ச்சுங்க?"ன்னேன்.
வாய் பழக்கம்.
அவ அளந்து பாத்து, "நீளம் நாலு இஞ்ச் இருக்கும்"ன்னா.
நாலு இஞ்ச்!
மூலனூர்ல அரை இஞ்ச் வந்திருந்தா
அந்த மனுசன் பூமியில விழுந்து கும்பிட்டிருப்பார்.

மூளையோட அடிவால் கழுத்துக்குள்ள எறங்கி
மடையை அடைச்சிருக்குதாமா.
ஒவ்வொரு இருமலுக்கும் தண்ணி
போக வழியில்லாம தண்டைக் குடைஞ்சிருக்குது.
சூட்டுக்கும் வலிக்கும் உண்டான வயரு
நடுவால குறுக்க போகுது, அதான் மொதல்ல அறுந்துச்சு.
தொடறதுக்கு உண்டானது பின்னால தனியாப் போகுது.
அதனாலதான் எறும்பு வந்து சேந்துச்சு,
நெருப்பு வரல.

"மோட்டார் வெச்சு எறைச்சுப்போடலாமுங்களா?"
எறைச்சா மறுக்கா ஊறும்,
மடையைத் தொறக்கணும்னா.
பொடனி எலும்பைச் செத்துக் கொஞ்சம் எடம் விடணும்.
"போனது வருமுங்களா?"
அவ படத்தையே பாத்துக்கிட்டு இருந்தா.
"போயிட்டு இருக்கறது நிக்கும்"ன்னா.

தொளைக்கறவனைத் தொளைச்சாங்க.

பதினாறு தையல்.
இப்ப இருமுனா இருமல்தான்.
தண்ணி சுருங்கியிருக்குதுன்னு ரெண்டாவது படம் சொல்லுது.
கையி அப்படியேதான்.
வண்டிக்குப் போறேன், லீவரைச் சுக்ராம் புடிக்கிறான்.
நான் தள்ளி நின்னு கல்லோட சத்தம் மாறுதான்னு கேக்கறேன்.
சைலன்சருக்கு சாக்கைச் சுத்தி
செவப்புப் பெயிண்டு அடிச்சிருக்கறானுக,
கண்ணுல பாத்து ஒதுங்கிக்க.

பொழுதோட வந்தா
தண்ணி காஞ்சிருக்கும், ஆவி பறக்கும்.
சொம்பை எடுக்க நான் கையைக் கொண்டுபோறேன்.
வசந்தாமணி குறுக்க வந்து
ஒத்தை வெரலை விட்டு, உஸ்ஸுன்னு எடுத்து,
"சுடுதுங்க"ங்கறா.

நான் கையை எடுத்துக்கறேன்.